கடலில் ஒரு சொட்டை

அடுப்பை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

சுக்கான்காரி முதலில் அதை நம்பவில்லை. விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கரைக்காற்று படகின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. கடல் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடந்தது. எங்கே எதுவுமே இருக்கக் கூடாதோ சரியாக அங்கே ஒரு வெள்ளைக் கப்பல் நின்றது. மீன் பிடிக்கிற கப்பல் இல்லை. பின்பக்கத்தில் வலையும் இல்லை, வலை சுற்றும் உருளையும் இல்லை. சுற்றிலும் மஞ்சள் மிதவைகளைப் போட்டுவிட்டு, பெண்வீட்டில் வந்து உட்கார்ந்த சம்பந்தி மாதிரி சாவகாசமாக நின்றது.

"வேற எங்கயோ நிக்குது," என்றான் அவள் புருஷன். "தூரத்துல பாத்தா அப்படித்தான் தெரியும். ஒரு தடவ நான் நிலாவையே கப்பல் விளக்குன்னு நெனச்சு..."

"வாயை மூடு."

அவள் சுக்கானைத் திருப்பினாள். கரையில் மாவுமில்லின் புகைபோக்கி தண்ணீர்த்தொட்டியின் இடதுகாலோடு ஒட்டி நிற்கும்வரை ஓட்டினாள். அடுப்புக்கு வழிகாட்டும் முதல் கோடு அது; அதில் கப்பல் நேர் எதிரே நின்றது. பிறகு பக்கவாட்டில் வெகுதூரம் சுற்றி, கலங்கரை விளக்கின் தலை துறைமுகக் கிடங்கின் கூரைமேல் ஏறி உட்காருகிற கோட்டுக்கு வந்தாள். அந்தக் கோட்டிலும் கப்பல்தான் நேர் எதிரே நின்றது. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் அதன் அடிவயிறு இருந்தது.

அவள் எச்சிலைக் கடலில் துப்பினாள்.

அடுப்பு என்பது அடுப்பு இல்லை. கடலுக்கடியில் மணலில் புதைந்துகிடந்த ஏதோ ஒரு பெரிய தகரச் சாமான். என்ன சாமான் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதும் இல்லை. சுற்றிலும் வெறும் மணல்காடு. ஒதுங்க இருந்த இடம் அது ஒன்றுதான் என்பதால் மீன் அங்கே வந்து குடித்தனம் நடத்தியது. கண்டுபிடித்தவர் அவளுடைய அப்பா. ஒருமுறை வலை அதில் மாட்டிக் கிழிந்து, ஆணி வரிசை வரிசையாக அடித்த மெல்லிய தகரத்துண்டு ஒன்று வலையோடு மேலே வந்தது. வேறொருவனாக இருந்தால் துறைமுகத்தில் நாலு பேரிடம் காட்டி வெட்டிப்பேச்சு பேசியிருப்பான். அவர் அதைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பேசாமல் வலையைத் தைத்தார். அன்றிலிருந்து அந்த இடத்துக்கு அந்த வீட்டில் பெயர் அடுப்பு. வீட்டு அடுப்பு எரிவதே அதனால்தான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. "இன்னைக்கு அடுப்பைப் பாத்துட்டு வரலாமா?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு மண்ணும் விளங்காது.

அடுப்புக்கென்று அப்பா சட்டங்கள் வைத்திருந்தார். அதன் மேலே படகை ஓட்டக் கூடாது. என்ஜின் சத்தம் கேட்டால் மீன் கலைந்துவிடும், ஒருமுறை கலைந்தால் திரும்பி வர மாசக்கணக்கில் ஆகும். தூரத்திலேயே என்ஜினை அணைத்துவிட்டு, நீரோட்டத்தில் மிதந்தபடி, அடுப்பைச் சுற்றி வளையமாக வலை விட வேண்டும். மேய்ச்சலுக்குக் கிளம்புகிற மீன் தானாக வந்து விழும். ஒரே திசையிலிருந்து இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போகக் கூடாது. வேறு படகு கண்ணில் பட்டால் வலையைத் தொடாமல் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தால் அவள் புருஷன் கடலில் குடித்த டீக்கு அளவே இல்லை.

அப்பா போனபோது சுக்கான் அவள் கைக்கு வந்தது. கூடவே அடுப்பும் வந்தது. தம்பிக்கு வரவில்லை. தம்பிக்குப் படகில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். "கரையில நிக்கறவனுக்குக் கடல் ரகசியம் எதுக்கு? சுமக்கத்தான் கஷ்டம்," என்றார் அப்பா. தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனான். நல்ல வேலைக்காரன். முட்டைக்கூடையைக் கொடுத்தாலும் ஒன்று உடையாமல் கப்பலில் இறக்குவான் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். அவனும் அக்கா வீட்டிலேயே மாடியறையில் இருந்தான்.

ஆக, உயிரோடு இருப்பவர்களில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் அவள் புருஷன். அவனுக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ.

*

அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் மீன் தலைகளை வெங்காயம் போட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். பிடிபட்டதே அவ்வளவுதான். ரேடியோ மேசைக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தம்பி படியேறி வருகிற சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். வந்ததுமே வாசனை பிடித்தான்.

"தலையா? உடம்பெல்லாம் எங்கே போச்சு? அக்கா, இன்னைக்கு யார் மூஞ்சில முழிச்ச?"

"உன் மூஞ்சிலதான்."

"அப்படின்னா நல்ல சேதி கேளு. நாலு காலு தெப்பம் ஒண்ணு வருது. கடல்லயே காலை ஊன்றி நிக்குமாம், ஆடாதாம். அதுல கிரேனுக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. மாமா, நான் கடலுக்குப் போகப் போறேன்! வாந்தி எடுக்காம!"

"என்னத்தைத் தூக்க?" என்றாள் அவள். கரண்டி நின்றுவிட்டது.

"பிளேன்! சண்டைக் காலத்துப் பிளேன். கடல்ல விழுந்து இத்தனை வருஷமா அடியில கிடக்குதாம். மியூசியத்துக்கு எடுத்துட்டுப் போறாங்க. அந்த மாதிரி உலகத்துல மிச்சம் இருக்கறதே இது ஒண்ணுதானாம்."

ரேடியோ ரொட்டியைக் கீழே வைத்தான்.

"பிளேனா?" என்றான் மெதுவாக. "அது பிளேனா?"

"எது பிளேனா?" என்றான் தம்பி.

அவள் கரண்டியைப் பானைக்குள் எறிந்தாள். கொதிநீர் அடுப்பில் தெறித்துச் சீறியது.

"எவ்வளவு நாளா அவங்களோட பேசிட்டு இருக்க?"

"போன வாரம் கூப்பிட்டாங்க. ஏன்?"

"போன வாரம் கூப்பிட்டவன் இந்த வாரம் மிதவை போட்டுட்டான். சும்மாவா கூப்பிட்டான்? இத்தனை கிரேன்காரன் இருக்கறப்ப உன்னை மட்டும் ஏன் கூப்பிட்டான்? நீ என்ன குடுத்த அவனுக்கு?"

"அக்கா, எனக்குப் புரியல."

"அடுப்பைக் காட்டிக் குடுத்துட்டு வந்து புரியலங்கிறான் பாரு!"

தம்பி அவளையும் பார்த்தான், எரிகிற அடுப்பையும் பார்த்தான். நிஜமாகவே அந்த அடுப்பைத்தான் பார்த்தான். ரேடியோ தலையில் கைவைத்துக்கொண்டான்.

"மச்சான், இந்த அடுப்பு இல்ல," என்றான். "கடல்ல ஒரு இடம். அதுக்கு நாங்க வச்ச பேரு."

தம்பி, சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட்டுப் பார்ப்பவன் போல நின்றான். அப்பா வாசலில் செருப்பு மாட்டியபடி "அடுப்பு நல்லா எரியுது" என்றது. "அடுப்பு தூங்குது, ரெண்டு நாள் விடு" என்றது. ஒருநாள் அப்பா அப்படிச் சொன்னதைக் கேட்டு, ஆறு வயதுப் பையன் போய் விறகைத் தள்ளி ஊதிவிட்டு வந்ததும், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும்.

"அப்போ சிரிச்சீங்களே," என்றான். "நான் ஊதினப்ப. இதுக்குத்தானா?"

"பேச்சை மாத்தாதே."

"எந்தப் பேச்சை? எனக்குச் சொன்னாதானே நான் வெளியே சொல்ல முடியும்? அப்பா சொல்லல. நீ சொல்லல. மாமா, ஊர்ல எந்த நாய் எப்பக் குட்டி போட்டுச்சுன்னு சொல்ற ஆளு நீ, நீயும் சொல்லல. ஒரே வீட்டுல, ஒரே பானையில சாப்பிட்டுக்கிட்டு! இப்ப நான் காட்டிக் குடுத்தேனாம். இல்லாத சாவியை எப்படி அக்கா திருடுவேன்?"

"இவன்தான் குடிச்சுட்டு உன்கிட்ட உளறியிருப்பான்."

"ஏய்!" என்று ரேடியோ எழுந்தான். "என்னை என்ன வேணா சொல்லு. அதை மட்டும் சொல்லாதே."

"உளறவே மாட்டீங்களோ? பொறந்ததுலேருந்து வாய்க்குப் பூட்டா?"

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ," என்றான் தம்பி. அவன் குரல் தாழ்ந்திருந்தது. "தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். தெரியாததுனால சொல்லல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. முதலாவதுக்கு ஒரு வாய்ப்பு குடுத்திருக்கலாம் நீங்க."

மாடிக்குப் போனான். ஒரு பையோடு இறங்கினான். மீன் தலை கொதித்து வற்றி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போகாதே என்று சொல்ல வாய் எடுத்து, "போ, போ, உன் பிளேன்லயே போய்ப் படு," என்றாள்.

*

அதற்குப் பிறகு காற்று திரும்பி, மூன்று நான்கு நாட்கள் கடல் முகம் கொடுக்கவில்லை. படகுகள் துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. வலை தைக்கிற கொட்டகையில் எல்லாரும் பிளேனைப் பற்றியே பேசினார்கள். அவள் நுழைந்தால் பேச்சு குறையும். குறைந்த பேச்சுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு எழும்.

"இத்தனை வருஷமா இந்தப் பக்கம் மீனே இல்லம்பாங்க," என்றான் பக்கத்துப் படகுக்காரன், ஊசியில் நூல் கோத்தபடி. ஒற்றைப் பல் தூக்கி நிற்பதால் அவனைக் கொக்கி என்று கூப்பிடுவார்கள். "கூடை மட்டும் நிறைஞ்சு வரும். நான்கூட இவங்களுக்கு ஏதோ அருள் இருக்குன்னு நெனச்சேன். இவங்க படகை நிறுத்தி டீ குடிச்ச இடத்துலதான் இப்ப மிதவை நிக்குது. கடைசில பிளேன்ல மீன் பிடிச்சிருக்காங்க!"

"டிக்கெட் எடுத்தீங்களா?" என்றான் இன்னொருவன்.

அவள் கத்தியை எடுத்து வலையின் சிக்கலை அறுத்தாள். அறுக்க வேண்டாத கண்ணியையும் சேர்த்து அறுத்தாள்.

வீட்டில் அவளும் ரேடியோவும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்குமே அது பழக்கமில்லாத காரியம். அவன் பேசாத வீட்டில் சுவர்க்கடிகாரம் அவ்வளவு சத்தம் போடும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தம்பியில்லை என்றால் இவன்தான். வேறு யார்? அவன் முதுகைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்குள் ஒன்று கொதித்தது. அவன் சட்டையைத் துவைக்கும்போது அவனையே துவைப்பது மாதிரி அடித்தாள்.

நாலு காலு தெப்பம் வந்து துறைமுக வாயில் நின்ற அன்று, அவளால் பொறுக்க முடியவில்லை. மியூசியத்துக்காரர்கள் கப்பல்துறையில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஆபீஸ் வைத்திருந்தார்கள். உள்ளே காப்பி வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் கலந்திருந்தன. கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பெண் எழுந்து நாற்காலி போட்டாள். அவள்தான் மியூசியத்துக்காரி. தூக்கம் கெட்ட முகம், ஆனால் சந்தோஷமான முகம். அந்தச் சந்தோஷமே சுக்கான்காரிக்கு எரிச்சலாக இருந்தது.

"யார் சொன்னது உங்களுக்கு?" என்றாள் உட்காராமல்.

"எதை?"

"அந்த இடத்தை. எனக்கு ஆள் பேர் மட்டும் போதும். ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"யாரும் சொல்லலையே. நீங்க எந்தப் படகு?"

படகின் நம்பரைச் சொன்னாள். மியூசியத்துக்காரியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"அய்யோ, நீங்கதானா! உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன். வாங்க, இங்க வாங்க." கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் திரைக்கு முன் இழுத்துப் போனாள். "போன புயலுக்கு அப்புறம் எல்லாப் படகுலயும் ஆரஞ்சுப் பொட்டி ஒண்ணு மாட்டினாங்க இல்ல?"

"காணாமப் போனா தேடறதுக்கு."

"அதேதான். அது படகு போற வழியெல்லாம் பதிவு பண்ணும். துறைமுக ஆபீஸ்ல கேட்டு வாங்கினோம். பாருங்க, இதெல்லாம் உங்க ஊர்ப் படகுங்க போன வழி."

சின்னக் குழந்தை கையில் கலர் பென்சில் கிடைத்துச் சுவர் முழுக்கக் கிறுக்கிய மாதிரி இருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள். கடலில் ஒரு இடம் மிச்சமில்லை. நடுவில் ஒரே ஒரு பச்சைக்கோடு மட்டும் வட்டம் போட்டிருந்தது. வட்டத்தின் மேல் வட்டம். கிழக்கிலிருந்து வந்து ஒரு வட்டம், வடக்கிலிருந்து வந்து ஒரு வட்டம். எல்லா வட்டத்துக்கும் நடுவில், உச்சந்தலையில் விழுந்த சொட்டை மாதிரி, ஒரு கோடுகூடப் படாத வெறும் வெள்ளை.

"எத்தனையோ வருஷமா தப்பான பக்கத்துல தேடிட்டு இருந்தோம்," என்றாள் மியூசியத்துக்காரி. "இதைப் பாத்ததும்தான் யோசிச்சோம். இந்தப் படகு ஏன் இங்கேயே சுத்துது? சுத்துறது சரி, ஏன் ஒரு தடவகூட நடுவுல போகல? கப்பல அனுப்பினோம். சரியா அந்த நடுவுல இருந்துச்சு. நீங்கதான் எங்களுக்குக் காட்டுனீங்க. திறப்பு விழாவுல உங்க படகைப் பத்தியும் ஒரு பலகை வைக்கலாம்னு இருக்கோம்."

சுக்கான்காரி அந்த வெள்ளையைப் பார்த்தபடி நின்றாள். அப்பாவின் சட்டம் அப்படியே திரையில் வரைந்திருந்தது. ஒருநாளாவது என்ஜினைப் போட்டுக்கொண்டு மூடத்தனமாக நடுவே போயிருந்தால் அந்தச் சொட்டை விழுந்திருக்காது. இவ்வளவு ஜாக்கிரதையாக மறைத்திருக்காவிட்டால் மறைந்தே இருந்திருக்கும்.

கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத கோபம் எங்கே போய் உட்காரும்? அது எதிரே நின்றவள்மேல் பாய்ந்தது.

"காணாமப் போனா தேடறதுக்குன்னு சொல்லி மாட்டிட்டு, காணாமப் போகாதவங்களைத் தேடியிருக்கீங்க."

மியூசியத்துக்காரி கையை விட்டாள். "படகு பேரெல்லாம் எங்களுக்குத் தரல. நம்பரும் கோடும்தான்."

"பேர் எதுக்கு? அதான் மண்டையைப் படம் போட்டு வச்சிருக்கீங்களே. எடுக்காதீங்க அதை. மீன் காலம் முடியற வரைக்குமாவது விட்டுவைங்க."

"காத்து மாறினா அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் தாங்காதுங்க. உப்பு தின்னுட்டு இருக்கு. ஒவ்வொரு தடவ பாக்கறப்பவும் ஒரு துண்டு குறையுது."

"எடுத்து என்ன பண்ணுவீங்க?"

"தொட்டியில ஊறப்போடுவோம். தகரத்துக்குள்ள இருக்கற உப்பெல்லாம் வெளியே வரணும். ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"தண்ணியிலேருந்து எடுத்துத் திரும்பத் தண்ணியிலயே போடறதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அதுக்கு அங்கயே கிடக்கட்டுமே!"

"இது நல்ல தண்ணி..." என்று தொடங்கி, அவள் நிறுத்திக்கொண்டாள். "மீன் வேற இடம் பாத்துப் போயிடும் இல்லையா?"

"போகும். நாங்களும் அது பின்னாடியே போயிடறோம். வீட்டையும் சுருட்டிக்கிட்டு."

நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். படகில் ஏறி, கம்பத்திலிருந்த ஆரஞ்சுப் பெட்டியைச் சுத்தியலால் இரண்டு அடி அடித்தாள். அது உடையவில்லை. புயலுக்குத் தாங்குகிற மாதிரி செய்திருந்தார்கள். அதன் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

ரேடியோவிடம் சொன்னாள். அவன் கேட்டு முடித்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தான்.

"இந்த வாயால நான் எதையுமே நிறுத்திவச்சதில்ல," என்றான். "உங்க அம்மாவுக்குத் தெரியாம நீ என்னை முதல்ல சந்திச்ச கதையைக்கூட உங்க அம்மாகிட்டயே சொன்னவன் நான். இது ஒண்ணை மட்டும்தான் உள்ளே வச்சிருந்தேன். இதுக்குப்போய் என்னைச் சந்தேகப்பட்டுட்ட."

"உன்னை ரெண்டாவதாத்தான் சந்தேகப்பட்டேன்."

"அது பெருமையா?"

"அவனுக்குப் போன் போடு."

"எடுக்க மாட்டேங்கிறான். தெப்பத்துலயே படுத்துக்கறானாம்."

*

தூக்குகிற நாளன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது. துறைமுகத்துப் படகெல்லாம் வேடிக்கை பார்க்கக் கிளம்பின. சிலர் பிள்ளை குட்டியோடு வந்திருந்தார்கள். தெப்பம் நாலு காலையும் ஊன்றி, யார் இழுத்தாலும் நகர மாட்டேன் என்பதுபோல் நின்றது. காவல்படகு ஒன்று சுற்றிச் சுற்றி வந்து எல்லாரையும் மிதவைகளுக்கு அப்பால் தள்ளிக்கொண்டிருந்தது. வயர்லெஸில் எல்லாப் படகும் ஒரே அலைவரிசையில் வாயடித்துக்கொண்டிருந்தன.

அவள் கூட்டத்தோடு போகவில்லை. வெகுதூரம் தெற்கே போய், என்ஜினை அணைத்தாள். இந்த நேரத்து நீரோட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். படகு சத்தமில்லாமல் மிதந்தது. காவல்படகு கொக்கியின் படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் மிதவைகள் இரண்டுக்கு நடுவே அவள் உள்ளே நுழைந்திருந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் படகு அடுப்பின் மேலே போயிற்று.

"நங்கூரத்தை எடு," என்றாள். "சொன்னதும் போடு. மாட்டிக்கிட்டு நிக்கட்டும். எப்படித் தூக்கறாங்கன்னு பாக்கறேன்."

ரேடியோ முன்பக்கம் போய் நங்கூரத்தை மார்போடு தூக்கிக்கொண்டு நின்றான். தெப்பத்தில் ஆட்கள் ஓடினார்கள். யாரோ ஒருவன் ஒலிபெருக்கியில் கத்தினான். பிறகு வயர்லெஸில் தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, நகரு."

கிரேன் கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் அவன் தலை பொட்டு மாதிரி தெரிந்தது. மற்ற படகுகளின் அரட்டை சட்டென்று நின்றது.

"நகர மாட்டேன். தூக்கறதா இருந்தா எங்களையும் சேர்த்துத் தூக்கு. முட்டைக்கூடை தூக்கறவன்தானே?"

"கீழ ரெண்டு பேர் இருக்காங்க அக்கா."

அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள்.

"பிளேனைக் கட்டித் தூக்கற வார்பட்டையைக் கடைசியா ஒரு தடவ சரிபாக்க இறங்கியிருக்காங்க. உன் படகுக்கு நேர் கீழே. ஒருத்தனுக்குப் போன வாரம்தான் பொண்ணு பொறந்திருக்கு. நங்கூரம் மாமா கையில இருக்கறது இங்கிருந்து தெரியுது."

ரேடியோ திரும்பிப் பார்த்தான். அவள் வாயில் "போடு" என்ற சொல் தயாராக இருந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். விழுங்குகிறபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அது கோபத்தால் வந்தது என்றுதான் அவள் பிற்பாடு சொன்னாள்.

"கீழ வை," என்றாள்.

"என்ஜினைப் போடாதே," என்றான் தம்பி. "தானா மிதந்து வெளியே போ."

"எனக்குச் சொல்லித் தராதே. எப்படி மிதக்கணும்னு எனக்குத் தெரியும்."

படகு மெல்ல மறுபக்கம் நழுவியது. மைக்கை அவள் விடவில்லை.

"நீ சொல்லல. இப்பத் தெரியும் எனக்கு. கம்பத்துல மாட்டின பொட்டி சொல்லியிருக்கு."

"பொட்டி சொன்னா நம்பற. நான் சொன்னா நம்பல."

"மன்னிப்புக் கேக்கல நான்."

"கேக்காதே. எனக்கு வேலை இருக்கு."

முக்குளித்தவர்கள் இருவரும் மேலே வந்து ஏணியைப் பிடித்தார்கள். கிரேன் முனகியது. கம்பிவடம் விறைத்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடல் ஓரிடத்தில் பச்சை மாறிப் பழுப்பாகி, நுரைத்து, ஒரு பெரிய இரும்புச் சட்டமும் அதற்குள் படுத்திருந்த ஒரு உருவமும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. ஒற்றை இறக்கை. மற்ற இறக்கையில் பாதி இல்லை. மூக்கு நசுங்கியிருந்தது. உடம்பெல்லாம் சிப்பியும் பாசியும் அப்பிக்கிடந்தன. வயிறு முழுக்கத் தண்ணீரோடு மேலே தூக்கினால் இரண்டாக முறிந்துவிடும் என்பதால், தம்பி அதைக் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே அசையாமல் நிறுத்தினான். ஒரு இம்மி ஆடவில்லை. தண்ணீர் வடியத் தொடங்கியது. தண்ணீரோடு மீனும் கொட்டத் தொடங்கியது.

எல்லா ஓட்டையிலிருந்தும் கொட்டியது. வெள்ளிக்காசு மாதிரிப் பொடிமீன், நண்டுகள், விலாங்குகள். ஓட்டுபவன் உட்காரும் குழியிலிருந்து ஆள் உயரக் கலவா மீன் ஒன்று தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடி, கடைசியில் பொத்தென்று கடலில் விழுந்தது. வேடிக்கை பார்த்த படகுகளில் கைதட்டினார்கள்.

"வலையை விடவா?" என்று கேட்டான் ரேடியோ.

"வேண்டாம்."

வயர்லெஸ் கரகரத்தது. "அக்கா," என்றான் தம்பி. அவன் கையில் அவ்வளவு பெரிய பாரம் தொங்கிக்கொண்டிருந்தபோதும் குரல் மட்டும் ஆடியது. "இதுக்குத்தானா? இந்த ஓட்டைத் தகரத்துக்குத்தானா என்னை வெளியே நிறுத்துனீங்க? நான் என்ன பண்ணிடுவேன்னு நெனச்சீங்க? தூக்கிட்டுப் போய் வித்துடுவேனா?"

"அப்பா சொன்னாரு."

"அப்பா செத்துப்போயிட்டாரு! அதுக்கப்புறம் தினமும் என்கூட உக்காந்து சாப்பிட்டது நீ. இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்க? சொல்லிடு. இன்னொரு நாள் இன்னொருத்தன் சொல்லித் தெரிஞ்சுக்க என்னால முடியாது."

அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். இன்னொன்று இருந்தது. அப்பா சாகக் கிடந்தபோது, எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அவள் காதில் மட்டும் போட்டுவிட்டுப் போன இடம். பெரிய பாறை. அடுப்பு என்றைக்காவது அணைந்துபோனால் எடுத்துக்கொள்ளச் சொன்னது. அவள் அங்கே ஒருநாளும் போனதில்லை. எந்தப் பெட்டியும் அதைப் பதிவு செய்ததில்லை. புருஷனுக்கும் தெரியாது. இனி அந்த வீட்டுக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

சுற்றிலும் பார்த்தாள். துறைமுகமே அங்கே நின்றது. எல்லார் தலைக்கு மேலும் ஒரு வயர்லெஸ் திறந்திருந்தது.

"கேட்டுக்கோ," என்றாள். "மீன் மார்க்கெட் கூரையோட வடக்கு முனை, ரயில் பாலத்து நடுத்தூணை மறைக்கணும். அது முதல் கோடு."

"என்ன கோடு?" என்றான் ரேடியோ. பிறகு அவனுக்குப் புரிந்தது. "அப்படி ஒண்ணு இருக்கா? ஏய், உனக்குப் பைத்தியமா? ஊரே கேக்குதுடி!" மைக்கைப் பிடுங்கப் பாய்ந்தான். அவள் தோளால் அவனைத் தள்ளினாள்.

"அக்கா, மைக்கை வை. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல நீ எங்க இருக்க?"

கொக்கி தன் படகில் எழுந்து நின்று, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு கரைப்பக்கம் பார்ப்பது தெரிந்தது. இன்னொருவன் எதிலோ அவசர அவசரமாகக் கிறுக்கினான்.

"எல்லாரும் கேக்கறாங்க அக்கா."

"கேக்கட்டும்! உனக்குத்தான் சொல்றேன். வேணுமா வேண்டாமா?"

விமானத்தின் வயிற்றிலிருந்து தண்ணீர் நூலாக வடிந்துகொண்டிருந்தது. தெப்பத்தில் மேற்பார்வையாளன் கையை மேலே மேலே என்று ஆட்டினான். கிரேன் அசையவில்லை.

"மெதுவா சொல்லு," என்றான் தம்பி. "முதல் கோட்டைத் திரும்பச் சொல்லு."

அவள் மெதுவாகச் சொல்லவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். முதல் கோட்டையும், அப்புறம் இரண்டாவது கோட்டையும்.